யாரும் எழுந்து போகவில்லை

எங்கள் சினிமா ஊரில் ஒரு படம் ஊற்றிக்கொள்ளும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "துணிச்சலான முயற்சி" என்பார்கள். "காலம் கடந்து நிற்கும்" என்பார்கள்; ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டாது என்று அதற்குப் பொருள். கொஞ்சம் நெருங்கிய நண்பர்கள் என்றால், "ஒளிப்பதிவு பிரமாதம்" என்று சொல்லி, தோளை லேசாகத் தொட்டு, கண்ணைப் பார்க்காமல் நகர்ந்துவிடுவார்கள். அப்படி யாராவது உங்கள் தோளைத் தொட்டால், மறுநாளே வீட்டை விற்க ஆள் பார்ப்பது நல்லது.

இயக்குநர் இனெஸ் காலவேயின் தோளை அந்த வசந்தம் முழுக்க யாராவது தொட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் எடுத்திருந்த படத்தை அதுவரை ஒருவர்கூடப் பார்த்திருக்கவில்லை என்பது அதற்கு ஒரு தடையாக இருக்கவில்லை. படத்தின் பெயர் 'காற்றில்லாத இடம்'. செலவு இருபத்து மூன்று கோடி டாலர். ஊரைத் தாண்டிய பாலைவனத்தில் ஒரு பழைய விமானக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, உள்ளே ஒரு நிலவின் தரையை அப்படியே உண்டாக்கியிருந்தார்கள். தரைக்குக் கொட்டிய மண்ணுக்கு மூன்று முறை சாயம் ஏற்றினார்கள். முதல் சாம்பல் நிறம் மிகவும் சோகமாக இருக்கிறது என்று ஸ்டூடியோ சொன்னது. இரண்டாவது போதுமான அளவு சோகமாக இல்லை என்றது.

இதெல்லாம் எனக்குக் காதில் விழுந்தவைதான். என் வேலை வேறு. ஸ்டூடியோக்கள் படத்தை வெளியிடும் முன்பு, எங்கள் நிறுவனம் அதைப் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டும். திரைக்கு அடியில், ஓரமாக ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டியபடி நான் உட்கார்ந்திருப்பேன். பார்க்கிறவர்களைப் பார்ப்பது என் உத்தியோகம். நூற்றுக்கணக்கான படங்களின் முடிவு எனக்குத் தெரியாது. அந்த முடிவின்போது முகங்கள் எப்படி இருந்தன என்பது தெரியும். அதிகம் பேச வேண்டியிராத வேலை. அதற்காகவே இத்தனை காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி அனாஹித்துக்கு இதில் ஒரு குறை உண்டு. "வாஹான், வீட்லயும் என் மூஞ்சியத்தான் பாக்கற, நான் சொல்றத எங்க கேக்கற?" என்பாள். முகத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். சொல்வதில்லை.

'காற்றில்லாத இடம்' படத்தில் பிரச்சினை ஒரே ஒரு காட்சி. காற்றே இல்லாத ஒரு நிலவில் சிலர் குடியேறியிருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர் இறந்துபோகிறார். மற்றவர்கள் அவரை வெளியே எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். காற்று இல்லாத இடத்தில் ஓசை ஏது? ஆகவே இனெஸ் அந்தப் பதினோரு நிமிடமும் ஓசையே வைக்கவில்லை. இசை இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை. மண்வெட்டி மண்ணில் இறங்குகிறது, அதன் சத்தம்கூட இல்லை. அந்தக் காட்சிக்காகத்தான் அவர் இந்தப் படத்தையே எடுத்தார் என்று பேச்சு. அவருடைய அப்பா இறந்தபோது ஊர்வலத்தில் யாரோ விடாமல் பேசிக்கொண்டே வந்தார்களாம்.

ஸ்டூவர்ட் கெல்மனுக்கு அந்தப் பதினோரு நிமிடம் தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி. ஸ்டூடியோவின் தயாரிப்புப் பிரிவுக்கு அவர் தலைவர். படத்துக்குப் பச்சைக்கொடி காட்டியவரும் அவரே. ஆனால் பேச்சு பரவத் தொடங்கியதும், கையெழுத்துப் போட்ட வாரத்தில் தான் விடுமுறையில் இருந்ததாக அவருக்கே ஒரு நினைவு உண்டாகியிருந்தது. என்னை அவர் "தலைவா" என்று கூப்பிடுவார். எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார். அதனால் யாருடைய பெயரையும் அவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஸ்டூவர்ட்டுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. படம் முடிந்ததும் பார்வையாளர்கள் கருத்து எழுதித் தரும் அட்டைகளை அவர் மதிப்பதில்லை. ஓசிப் படம் காட்டியவர்களிடம் மக்கள் மரியாதைக்காகப் பொய் எழுதுவார்கள் என்பார். பாதியில் எழுந்து போகிற கால்களை மட்டுமே நம்புவார். ஆகவே இனெஸின் ஒப்பந்தத்தில் அவரே கேட்டு ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தார். முதல் சோதனைக் காட்சியில், பதினைந்து பேருக்கு மேல் பாதியில் எழுந்து போனால், படத்தை வெட்டும் உரிமை ஸ்டூடியோவுக்கு. அதற்குக் குறைந்தால் இனெஸுக்கு. அவர் சம்மதம் இல்லாமல் ஒரு நொடியைக்கூட யாரும் தொட முடியாது. பதினோரு நிமிட மௌனத்தில் பாதி அரங்கம் காலியாகிவிடும் என்று ஸ்டூவர்ட் நிச்சயமாக இருந்தார். வெட்டிய இடத்தில் போட வேண்டிய வயலின் இசைக்கு ஆள்கூட ஏற்பாடு செய்தாகிவிட்டது.

அவர் மறந்த விஷயம் ஒன்று உண்டு. அதுவும் அவர் அலுவலகமே போட்ட விதி.

சோதனைக் காட்சிக்கு வருகிறவர்கள் படம் முடிந்ததும் அட்டையை நிரப்பாமல், நெரிசலுக்கு முன் வீடு சேர வேண்டும் என்று ஓடிவிடுவார்கள். இது எங்கள் தொழிலின் பழைய தலைவலி. அதை ஒழிக்க அந்த மாதம் ஸ்டூவர்ட்டின் அலுவலகம் ஒரு வழி கண்டுபிடித்தது. அரங்கம் இருந்த மாலில் கார் நிறுத்த மூன்று மணி நேரத்துக்கு ஆகிற கட்டணம் ஒரு நல்ல இரவுச் சாப்பாட்டுக்குச் சமம். படம் முடிந்து, அட்டையைக் கொடுத்தவருக்கு மட்டுமே பார்க்கிங் சீட்டில் முத்திரை குத்தித் தருவது, குத்தினால் இலவசம். வாசலில் நின்ற பெண் உள்ளே நுழைந்த ஒவ்வொருவரிடமும் இதைச் சத்தமாகச் சொன்னாள். இந்த ஊர் மனிதன் பெண்டாட்டியைக்கூட விட்டுவிடுவான். பார்க்கிங்குக்கு முழுக் காசு கொடுக்கமாட்டான்.

அன்று அரங்கம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் ஒரு மூலையில் இனெஸ், இன்னொரு மூலையில் ஸ்டூவர்ட். நடுவில் விளம்பரப் பிரிவுத் தலைவி கோர்ட்னி, இரண்டு பேரிடமும் நல்லவளாக இருக்க வசதியான தூரத்தில். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். படம் ஓடியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் முகங்களின்மேல் மாறிக்கொண்டிருந்த வெளிச்சம்.

பிறகு ஓசை நின்றது.

அரங்கத்து மௌனம் ஒரே மாதிரி இருப்பதில்லை. சினிமாக்காரர்கள் அதை ஒரே சாமானாக நினைக்கிறார்கள், தங்களிடம் அது இல்லாததால். பயந்த மௌனம் உண்டு, அதில் யாரும் எச்சில் விழுங்குவதில்லை. அலுத்த மௌனத்தில் உடைகள் உரசும். சொந்த வீட்டு நினைவு வந்துவிட்ட மௌனத்தில் கண்கள் திரையில் இருக்கும், ஆனால் அதைப் பார்க்காது. அன்றைக்கு எல்லாமே கலந்திருந்தன. மூன்றாவது வரிசையில் ஒரு பெரிய உடம்புக்காரர். பெரிய கோப்பைக் குளிர்பானம் முழுவதையும் குடித்து முடித்திருந்தார். முழங்கால் இரண்டையும் இறுக்கிச் சேர்த்துக்கொண்டு, கதவைப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் பார்க்கிங் சீட்டை விரல்களுக்கிடையில் திருப்பித் திருப்பி, இருட்டில் அதில் ஏதோ படிக்க முயன்றாள். பக்கத்தில் ஒருவர் எழுந்தார், மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, காதில் ஏதோ சொன்னாள், உட்கார்ந்துவிட்டார். ஆறாவது வரிசையில் குழாய் பழுதுபார்க்கும் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு நடுத்தர வயதுக்காரர். அவர் கைகள் மடியில் கவிழ்ந்து கிடந்தன. காட்சி முடியும்வரை அவர் அசையவில்லை. அவர் எதற்காக உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

யாரும் எழுந்து போகவில்லை. ஒருவர்கூட இல்லை.

தீர்ப்பு எப்போதும் பாப்கார்ன் விற்கிற இடத்துக்குப் பக்கத்தில், நின்றபடி சொல்லப்படும். அது எங்கள் வழக்கம். கதவருகே நின்று எண்ணிய என் சக ஊழியன் முடிவைச் சொன்னான்.

"ஜீரோவா?" என்றார் ஸ்டூவர்ட். "எத்தன ஜீரோ?"

"ஒரே ஒரு ஜீரோதான்."

ஸ்டூவர்ட் கொஞ்ச நேரம் எண்ணெய் மினுங்கும் பாப்கார்னைப் பார்த்தபடி நின்றார். இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றை, கார்ட்டூன் படத்துக்குக்கூட, தான் பார்த்ததே இல்லை என்றாள் கோர்ட்னி. அவள் குரல் கம்மியது. இவர்களுக்குக் கண்ணீர் வருகிற இடங்கள் எனக்கு என்றுமே பிடிபட்டதில்லை. அதற்குள் ஸ்டூவர்ட் நியூயார்க்கில் இருக்கும் முதலாளிக்குப் போன் போட்டிருந்தார். ஆரம்பத்திலிருந்தே அந்த மௌனத்தின்மேல் தனக்கு இருந்த நம்பிக்கையைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். கையெழுத்திட்ட வாரத்தில் அவர் எடுத்த விடுமுறை, போன் முடிவதற்குள் ரத்தாகிவிட்டது.

எனக்குப் பேசுகிற பழக்கம் இல்லை. ஆனால் முகங்களைப் பார்த்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

"அது பார்க்கிங்கா இருக்கலாம்" என்றேன்.

ஸ்டூவர்ட் சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

"தலைவா, உனக்கு காமெடி எல்லாம் வருமா? இத்தன நாளா எங்க வச்சிருந்த?"

முத்திரை விதியை விளக்கிச் சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. அவர் ஏற்கனவே அடுத்த போனில் இருந்தார். பிறகு அறிக்கையிலும் எழுதினேன். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நல்ல செய்தி வந்துவிட்ட கட்டடத்தில் அறிக்கை படிக்க ஆள் கிடைக்காது.

சிரிக்காதவர் இனெஸ் மட்டுமே. அதை அப்போது கவனித்தேன்.

கீழே கார் நிறுத்துமிடத்தில், வெளியேறும் தடுப்புக்கு முன்னால் அவருடைய கார் என் காருக்கு முன்னால் நின்றது. இயக்குநருக்கு அட்டை கொடுப்பதில்லை. ஆகவே முத்திரையும் இல்லை. சீட்டை எந்திரத்தில் நுழைத்தார். தொகை ஒளிர்ந்தது. கார் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, என் ஜன்னலுக்கு வந்தார்.

"இவ்வளவா?"

"ஆமா."

"இதுக்கு நானே எழுந்து போயிருக்க மாட்டேன், வாஹான்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் நகரவில்லை.

"எல்லாருமே இதுக்காகத்தான் உக்காந்திருந்தாங்களா?"

மூன்றாவது வரிசைக்காரர் சர்வ நிச்சயமாக இதற்காகத்தான் என்றேன். ஆறாவது வரிசையில் ஒருவரைப் பற்றி எனக்கு உறுதி இல்லை என்றேன். அவர் அந்த ஆறாவது வரிசைக்காரரைப் பற்றிக் கேட்டார்: எப்படி இருந்தார், வயது என்ன, தலையைத் திருப்பினாரா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பணத்தைக் கட்டிவிட்டுப் போனார்.

அடுத்த சில வாரங்களில் ஊர் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்தது. தோளைத் தொட்டவர்கள் இப்போது கட்டிப்பிடித்தார்கள். படம் பப்படம் என்று நினைத்த யாரும் ஊரில் இருந்ததாகவே தெரியவில்லை. ஸ்டூவர்ட் ஒரு பேட்டியில், இனி வெடிச்சத்தத்தின் காலம் முடிந்துவிட்டது, மௌனம்தான் அடுத்த பெரிய விஷயம் என்றார். பெரிய சாலைகளில் கோர்ட்னி வைத்த விளம்பரப் பலகைகளில் ஒரு சாம்பல் நிலவு, கீழே இந்த வாசகம்: யாராலும் எழுந்து போக முடியாத பதினோரு நிமிடங்கள். அந்தப் பலகைகளில் ஒவ்வொன்றின் செலவும் என் வருடச் சம்பளம் என்று யாரோ சொன்னார்கள். ஒவ்வொரு முறை கடந்துபோகும்போதும் அந்த வாசகத்தில் பொய் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

படம் வெளியான வெள்ளிக்கிழமை காலையில் இனெஸ் போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை.

"காசு வாங்காம கார் நிறுத்த விடற தியேட்டர் ஏதாவது தெரியுமா?"

மலையைத் தாண்டி, பாலைவன ஓரத்தில் இருக்கும் லான்காஸ்டரில் ஒன்று இருந்தது. அவருடைய நிலவை உண்டாக்கிய கொட்டகைக்குப் பக்கம்தான். வாசலில் ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு வெற்றுத் தார்த்தரை. காரை எப்படி வேண்டுமானாலும் நிறுத்தலாம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மதியக் காட்சிக்குப் போனோம். இனெஸ் ஒரு பழைய தொப்பியை நெற்றிவரை இறக்கியிருந்தார். அது தேவையே இல்லை. இங்கே நடிகர்களைத்தான் அடையாளம் தெரியும்.

அரங்கத்தில் கால்வாசிதான் நிறைந்திருந்தது. விளக்கு அணைந்ததும் நான் முன்னால் போய், ஓரத்துப் படியில் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பழக்கம். சிறிது நேரத்தில் அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தன் படத்தை அவர் முதல்முறையாக முகங்களில் பார்த்தார்.

ஓசை நின்றதும் முதல் ஒரு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு இளைஞன் உரக்கச் சொன்னான்: "ஸ்பீக்கர் போயிடுச்சு போல." சிலர் சிரித்தார்கள். அவன் எழுந்து வெளியே போய், மேலாளரைக் கூட்டிவந்தான். மேலாளர் கையில் டார்ச் விளக்கோடு நின்று திரையைப் பார்த்தார், சுவரில் இருந்த ஒலிப்பெட்டிகளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அங்கே யாரோ குழி வெட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். தோளைக் குலுக்கிவிட்டு வெளியேறினார். பணத்தைத் திருப்பித் தருவார் என்று நினைத்து ஒரு வரிசையே அவர் பின்னால் போனது. அவர்கள் போனதைப் பார்த்து மற்றவர்கள் போனார்கள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் மதிய வெயில் ஒரு கீற்றாக உள்ளே விழுந்தது. இனெஸ் எண்ணவில்லை. ஸ்வெட்டரின் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் எட்டோ ஒன்பதோ பேர் மிஞ்சினார்கள். நடு வரிசையில் வயதான ஒரு தம்பதி. கணவர் தலை மார்பில் தொங்கியது.

"தூங்கறவரையும் சேத்துக்கலாமா?" என்று இனெஸ் என் காதருகே கேட்டார்.

"எங்க கம்பெனி கணக்குப்படி, எழுந்து போகாதவங்க எல்லாம் பாத்தவங்கதான்."

அவர் தோள் குலுங்கியது. சிரிப்பு என்றே நினைக்கிறேன். பக்கவாட்டில் எனக்குச் சரியாகத் தெரியாது.

பிறகு ஓசை திரும்பியது. நிலவுக் குடியிருப்பின் கதவு மூடி, காற்று உள்ளே சீறும் சத்தம். கிழவர் திடுக்கிட்டு விழித்தார்.

"என்ன ஆச்சு?"

"பொதச்சிட்டாங்க" என்றாள் மனைவி.

"யார?"

"அந்தப் பெரியவரத்தான்."

"ஒருத்தரும் ஒரு வார்த்த பேசலயா?"

"பேச என்ன இருக்கு?" என்று சொல்லி, பாப்கார்ன் உப்பு ஒட்டிய காகிதக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உப்பு பட்டு எரிந்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் துடைத்தாள்.

இனெஸ் அந்த அம்மாளைப் படம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நானும் இடையிடையே இனெஸைப் பார்த்தேன். அது என் வேலையில் சேராது.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. காரை அடைவதற்குள் போன் அடித்தது. காற்று பலமாக வீசியதால் இனெஸ் ஒலிபெருக்கியைப் போட்டார். ஸ்டூவர்ட். நியூயார்க்கில் காலைக் காட்சிகளின் வசூல் வந்துவிட்டிருந்தது. அங்கே பொழுது சாயும் முன்பே இங்கே எல்லோருக்கும் விதி தெரிந்துவிடும்.

"ஊத்திக்கிச்சு, இனெஸ்" என்றார்.

எங்கள் ஊரில் அந்த வார்த்தையை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு அவர் சொன்னது எல்லாம் வேகமாக வந்தது. வயலின்காரர் ஸ்டூடியோவிலேயே காத்திருக்கிறார். பதினோரு நிமிடத்தை இரண்டாக்கி, கீழே இசை போட்டு, மேலே யாராவது நாலு வார்த்தை பேசவைத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாத் திரையரங்குகளுக்கும் அனுப்பிவிடலாம். இரண்டாவது வாரத்தில் கொஞ்சமாவது கல்லா கட்டலாம். இனெஸ் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"முடியாது" என்றார் இனெஸ்.

"ஏன்?"

"சோதனைக் காட்சியில ஒருத்தர்கூட எழுந்து போகல. ஒப்பந்தத்துல நீங்க கேட்டு வாங்கின நிபந்தன. இப்ப அது என்னோட பதினோரு நிமிஷம்."

"ஐயோ, அவங்க பார்க்கிங்குக்காக உக்காந்திருந்தாங்க இனெஸ். அது எல்லாருக்குமே தெரியும். நான் அன்னிக்கே சொன்னேனே."

"நீங்க சொல்லல, ஸ்டூவர்ட். வாஹான் சொன்னார். நீங்க சிரிச்சீங்க."

மறுமுனையில் பதில் இல்லை. எங்களுக்கு எதிரே அந்தக் கிழவரும் மனைவியும், கிட்டத்தட்ட காலியான தார்வெளியில் தங்கள் காரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் விமானக் கொட்டகையின் கூரை வெயிலில் பளபளத்தது. போனில் ஸ்டூவர்ட் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. இனெஸ் அதை அணைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்தபடி, அவசரமில்லாமல் நின்றார். நானும் அந்த மௌனத்தைக் கேட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்த மௌனம். மூன்றாவது வரிசையில் பார்த்திருக்கிறேன்: போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், இரண்டு முழங்கால்களையும் இறுக்கிச் சேர்த்துக்கொண்டு.